எண்டர்பிரைஸ் டிஸ்ட்ரோ: சொல்லும் பொருளும்

விஎம்ல (விர்ச்சுவல் மெஷின், ஒரு கம்ப்யூட்டருக்குள்ள சாஃப்ட்வேராலயே உண்டாக்கற இன்னொரு கம்ப்யூட்டர்) போட எந்த எண்டர்பிரைஸ் லினக்ஸ் டிஸ்ட்ரோ நல்லதுன்னு நிறைய பேர் கேக்கறாங்க. எண்டர்பிரைஸ், டிஸ்ட்ரோங்கற ரெண்டு சொல்லுக்கும் சரியான அர்த்தம் பிடிபட்டாலே பாதி முடிவு வந்துரும், அதனால சொல்லுல இருந்தே ஆரம்பிக்கறேன்.

டிஸ்ட்ரோங்கறது டிஸ்ட்ரிபியூஷனோட சுருக்கம், பங்கு போட்டுக் குடுக்கறதுன்னு பொருள் தர்ற லத்தீன் வேர்ல இருந்து வந்தது. லினக்ஸுக்கு முன்னாடியே இது கம்ப்யூட்டர் பக்கம் வந்துருச்சு, 1970கள் கடைசில பெர்க்லி பல்கலைக்கழகத்துல யூனிக்ஸ்ங்கற ஆபரேட்டிங் சிஸ்டத்துக்காக எழுதின புரோகிராம்களை டேப்ல ஏத்தி மத்த இடங்களுக்கு அனுப்பினாங்க, அதுக்குப் பேரே பெர்க்லி சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன், சுருக்கமா பிஎஸ்டி. 1991ல லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டது வெறும் கெர்னல் (ஹார்டுவேரையும் புரோகிராம்களையும் இணைக்கற மையப் பகுதி), அதோட குனு திட்டத்தோட அடிப்படைக் கருவிகள், இன்ஸ்டாலர், பேக்கேஜ் எல்லாம் சேத்து ஒரே கட்டாக் குடுத்தாத்தான் மத்தவங்க உபயோகிக்க முடியும், 1993ல ஆரம்பிச்ச ஸ்லாக்வேரும் டெபியனும் செஞ்சது அதைத்தான்.

இதுக்குத் தமிழ்ல விநியோகம்னும் எழுதறாங்க, வழங்கல்னும் எழுதறாங்க. என் ஓட்டு வழங்கலுக்குத்தான். குடுக்கறதும் அதுல இருக்கு, 'இந்தப் பக்கம் அப்படித்தான் வழங்குது'ன்னு சொல்றோமே, அந்தப் புழக்கமும் இருக்கு.

எண்டர்பிரைஸ் பழைய பிரெஞ்சு சொல்லு, 'கையில எடுத்த காரியம்'னு அர்த்தம், பெரிய கம்பெனிங்கற பொருள் பின்னாடி ஒட்டினது. லினக்ஸ்ல இந்தப் பேரு நிலைச்சது ரெட் ஹேட் கம்பெனியால, 2002ல அட்வான்ஸ்டு சர்வர் 2.1னு வந்ததுதான் அப்புறம் ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ், அதாவது ரெல் ஆச்சு. ரெல் 7ல கடைசி வரைக்கும் கெர்னல் 3.10தான், நம்பர் பழசாத் தெரியும் ஆனா செக்யூரிட்டி ஃபிக்ஸ் எல்லாம் புதுசுல இருந்து எடுத்து அதுக்குள்ளயே போட்டுக்கிட்டே வந்தாங்க. பத்து வருஷம் அப்ளிகேஷன் உடையாம ஓடணும்ங்கறதுதான் கையில எடுத்த அந்தக் காரியம். தமிழ்ல நிறுவன வழங்கல்னு தாராளமா சொல்லலாம், நிறுவுன்னாலே நிலைநிறுத்தறதுதானே, இன்ஸ்டால் பண்றதுக்கும் நாம அதே சொல்லைத்தான் வெச்சிருக்கோம்.

அந்தப் பத்து வருஷ வாக்கு எவ்வளவு முக்கியம்னு 2020 டிசம்பர்ல எல்லாருக்கும் உறைச்சுது. 2029 வரைக்கும் வரும்னு நம்பியிருந்த, ரெல்லையே காசில்லாமத் தந்த சென்ட்ஓஎஸ் 8, 2021 கடைசியோட முடியும்னு அறிவிச்சாங்க. அந்த இடத்தை நிரப்ப வந்ததுதான், ரெல்லோட ஒத்துப்போற, காசில்லாத அல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும். அதனால காசு குடுக்கறீங்களோ இல்லையோ, யாரு எந்த வருஷம் வரைக்கும் பொறுப்பு எடுத்துக்கறாங்கன்னு மொதல்ல பாருங்க. ரெல் வாங்கறதா இருந்தா சாதா சந்தா ஒண்ணுக்கு ரெண்டு விஎம்தான், ஒரே ஹோஸ்ட்ல (விஎம்களைத் தாங்கற நிஜ மெஷின்) நிறைய ஓட்டறவங்களுக்கு விர்ச்சுவல் டேட்டாசென்டர்ஸ் சந்தாதான் கட்டுப்படியாகும், அதுல விஎம் எண்ணிக்கைக்கு வரம்பில்ல.

விர்ச்சுவலுக்குத் தமிழ் மெய்நிகர், மெய்க்கு நிகரானது. பல பேரு வழுக்கற இடமும் இதுதான், ஏன்னா விஎம்முக்குத் தெரியறது உங்க நிஜ சிபியு இல்ல, விஎம்மை ஓட்டற சாஃப்ட்வேரான ஹைப்பர்வைசர் காட்டற சிபியு. ரெல் 9 குடும்பத்துக்குக் குறைஞ்சது எக்ஸ்86-64-வி2 (சிபியுல இருக்க வேண்டிய வசதிகளோட ஒரு நிலை) வேணும். விஎம் ஓட்ட உதவற புராக்ஸ்மாக்ஸ்ல பழைய விஎம்ல சிபியு டைப் கேவிஎம்64னு இருந்துச்சுன்னா, அடியில எவ்வளவு புது பிராசசர் இருந்தாலும் பூட் ஆகறப்பவே 'சிபியு வி2வை சப்போர்ட் பண்ணல'ன்னு ஜிலிப்சி (லினக்ஸோட அடிப்படை சி லைப்ரரி) எரர் வந்து கெர்னல் மேல போக முடியாம பேனிக்ல நின்னுரும், இன்ஸ்டால் பண்ற ஐஎஸ்ஓ ஃபைல் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு திரும்பத் திரும்ப டவுன்லோட் பண்ணாதீங்க. சிபியு டைப்பை ஹோஸ்ட்னு மாத்தினா போதும், ஆனா வேற வேற சிபியு இருக்கற ஹோஸ்ட்டுக்கு நடுவுல லைவ் மைக்ரேஷன் (ஓடிட்டிருக்கற விஎம்மை அணைக்காம இடம் மாத்தறது) பண்றவங்க எக்ஸ்86-64-வி2-ஏஇஎஸ் வெச்சுக்கறதுதான் பத்திரம்.

ரெல் 10 இன்னும் மேல போய் வி3 கேக்குது, இன்டெல்ல 2013ல வந்த ஹாஸ்வெல்லுக்கு முந்தின சர்வர்ல அது ஓடாது. ராக்கி 10ம் அதே கணக்கு. அல்மா மட்டும் 10க்கு வி2 பில்ட் தனியாக் குடுக்கறாங்க, ஆனா வெளியாளுங்க வி3க்குக் கட்டின பேக்கேஜ் அதுல ஓடாதுங்கறதால, பழைய சர்வர் வெச்சிருக்கறவங்க 9லயே இருந்துக்கறது மேல், அதுக்கு 2032 வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் இருக்கு.