கோழித் தீனி சிந்தினால் மலைப்பாம்பு வரும்

2022 ஜூன் 1ஆம் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. சிங்கப்பூர் இறக்குமதி செய்த கோழியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வந்தது என்பதால் ஈரச்சந்தையில் ஒரே பரபரப்பு. தடை சில மாதங்களில் நீங்கிவிட்டது. ‘நாமே நாலு கோழி வளர்த்தால் என்ன?’ என்று அப்போது பலருக்கு வந்த ஆசை மட்டும் நீங்கவில்லை. கம்பத்து வீட்டில், அதாவது அந்தக் காலக் கிராமத்து வீட்டில், கோழிகளோடு வளர்ந்த பெரியவர்கள் இருக்கும் குடும்பம் என்றால் கேட்கவே வேண்டாம்.

கால்நடை மருத்துவராக நான் பார்க்கும் கோழிகளில் நோயோடு வருபவை உண்டு, கடிபட்டுக் கிழிபட்டு வருபவையும் உண்டு. வெள்ளைக்கழிச்சல், அம்மை பற்றியெல்லாம் இன்னொரு நாள் எழுதுகிறேன். இங்கே கடிபடுபவை பற்றி மட்டும்.

முதலில் சட்டம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் கோழி வளர்க்க அனுமதி இல்லை. தரைவீட்டில் சொந்தத் தேவைக்காகப் பத்து வரை வளர்க்கலாம். காட்டுப் பறவைகள் உள்ளே வர முடியாத கூண்டில்தான் அவற்றை வைத்திருக்க வேண்டும். பறவைக் காய்ச்சலை மனத்தில் வைத்துப் போட்ட விதி இது. அப்புறம், சேவல் வேண்டாம். பெட்டை முட்டையிடச் சேவல் தேவையே இல்லை. 2017இல் சின் மிங் வட்டாரத்தில் கூவல் சத்தம் பற்றிப் புகார்கள் எழுந்து, அங்கே திரிந்த இருபதுக்கு மேற்பட்ட கோழிகள் கொல்லப்பட்டதும் அதையொட்டி ஊரே கொந்தளித்ததும் பலருக்கு நினைவிருக்கும். விடியுமுன் கூவுகிற சேவலை எந்த அண்டை வீட்டாரும் ரொம்ப நாள் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சரி, கூண்டுக்கு வருவோம். அப்பர் தாம்சன் பக்கம் ஒரு வீட்டில் நல்ல பூட்டு, தகரக் கூரை, சுற்றிலும் அறுகோணக் கண் வைத்த கோழிவலை என்று எல்லாம் இருந்தது. பின் மூலையில் மட்டும் வலை மரச்சட்டத்தை விட்டு நாலு விரல் விலகியிருந்தது. அந்த வழியாக உள்ளே போன மலைப்பாம்பு ஒரு பெட்டையை விழுங்கிவிட்டது. விழுங்கிய பிறகு வயிறு புடைத்துவிட்டதால் வந்த ஓட்டையில் திரும்பிப் போக முடியாமல், முட்டைப் பெட்டிக்குள் சுருண்டு கிடந்தது. மிச்சமிருந்த கோழிகள் உயரக் குச்சியில் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு நின்றன. “பாம்பு வராம இருக்க வாசல்ல சிறியாநங்கைச் செடி வச்சிருக்கேனே டாக்டர், எப்படி வந்துச்சு?” என்று அந்த வீட்டுப் பாட்டி கேட்டார்.

தீனித்தட்டைத் தூக்கிப் பார்த்தபோது பதில் தெரிந்தது. பலகைக்கு அடியில் எலிப்புழுக்கை, மண்ணில் வளை, தீனிச் சாக்கின் அடியில் கொறித்த ஓட்டை. பின்னால் ஒரு வடிகால். நம் ஊர் மலைப்பாம்புகளுக்கு வடிகால்தான் நெடுஞ்சாலை, எலிதான் அன்றாட உணவு. எலி மோப்பத்தைப் பிடித்து வருகிற பாம்புக்குக் கோழி வழியில் கிடைக்கிற விருந்து. அதன் வாயோரக் குழிகள் உடற்சூட்டை உணர்வதால் இருட்டு அதற்கு ஒரு தடையே இல்லை. கோழிக்கோ அந்தி சாய்ந்தால் கண் சரியாகத் தெரியாது, உட்கார்ந்த இடத்தில் அப்படியே இருக்கும்.

சிறியாநங்கை, பூண்டு, பினாயில், கந்தகம் எதுவும் பாம்பைத் தடுக்காது. நாப்தலீன் உருண்டை போடுகிறவர்களும் உண்டு. அதைக் கோழி கொத்தினால் கோழிக்குத்தான் விஷம். எலிமருந்தும் அதே கதை. அதைத் தின்ற எலியைப் பிடித்துத் தின்கிற ஆந்தையும் பாம்பும் பாதிக்கப்படும். கோழி நேரடியாகத் தின்றால் மருந்து முட்டையிலும் இறங்கும்.

ஆகவே யாராவது என்னிடம் கூண்டு பற்றிக் கேட்டால் நான் முதலில் தீனியைப் பற்றித்தான் கேட்பேன். முட்டையிடும் ஒரு பெட்டைக்கு ஒரு நாளைக்கு 100 முதல் 120 கிராம் தீனி போதும். காலையில் அளந்து வையுங்கள், சாயங்காலம் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். மூட்டையை மூடியுள்ள தகர டின்னில் கொட்டி வையுங்கள், பிளாஸ்டிக் வாளியை எலி ஓரிரவில் கொறித்துவிடும். மீந்த சோற்றை இருட்டும் நேரத்தில் கூண்டுக்குள் எறிவதை நிறுத்துங்கள். அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஆனால் இங்கே காட்டுயிர்ச் சட்டப்படி காட்டுப் பறவைகளுக்குத் தீனி போடுவது குற்றம். அதோடு, உங்கள் முற்றத்தைப் பழகிக்கொண்ட காக்கை அடுத்துக் குஞ்சைத்தான் தூக்கும்.

பாம்பு மட்டும்தான் திருடன் என்று நினைத்துவிடக் கூடாது. விட்டுச் சென்ற தடயத்தைப் பார்த்தால் ஆள் யாரென்று பெரும்பாலும் பிடிபட்டுவிடும். இறகுகூட இல்லாமல் கோழி மாயமானால் மலைப்பாம்பைச் சந்தேகியுங்கள். கோழி செத்துக் கிடந்து, தலையும் தோளும் மட்டும் எச்சிலில் நனைந்து இறகு ஒட்டிக் கிடந்தால், பாம்பு விழுங்கப் பார்த்து முடியாமல் விட்டுப் போயிருக்கிறது. கழுத்தில் கடி, உடம்பில் பாதி தின்ற தடம், சம்பவம் இரவில் என்றால் முசாங்காக இருக்கலாம். ஊரில் மரநாய் என்போமே, அது. சிக்லாப் பக்கத்துக் கூரைகளில் அது நடமாடுவது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். மா, சப்போட்டா பழுத்து விழும் முற்றம் என்றால் அதற்குக் கொண்டாட்டம். பகலில் முட்டையும் குஞ்சும் காணாமல் போனால் உடும்பு. முட்டையைக் காலையும் மாலையும் எடுத்துவிட்டால் அதற்குப் பாதி வேலை இல்லாமல் போகும். கொய்த இறகு ஒரே இடத்தில் குவிந்து கிடந்தால் கழுகு. பல கோழிகள் கிழிந்து, ஒன்றும் தின்னப்படாமல் கிடந்தால் நாய். குஞ்சின் கால் கொறிக்கப்பட்டிருந்தால், மறுபடியும் எலி.

கோழிவலை கோழியை உள்ளே வைக்கும், அவ்வளவுதான். வெளியே இருப்பதைத் தடுக்கப் பற்றவைத்த சதுரக் கம்பிவலை வேண்டும். கண் 12 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, அப்போதுதான் எலியும் குட்டிப் பாம்பும் நுழையாது. ஆணியோடு நிறுத்தாமல் வாஷரும் திருகாணியும் போட்டுச் சட்டத்தோடு இறுக்குங்கள். அடியில் தோண்டி உள்ளே வராமலிருக்க, அதே வலையைத் தரையோடு வெளிப்பக்கம் ஓரடி விரித்து மேலே கல் வையுங்கள். கூரைக்கும் சுவருக்கும் நடுவே விடும் காற்றுவழியைத்தான் எல்லாரும் மறப்பார்கள், முசாங் மறக்காது. அதற்காகப் பலகையடித்து மூடிவிடாதீர்கள். கோழிக்கு வியர்க்காது, வாய் பிளந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். நம் மதிய வெயிலில் மூடிய பெட்டிக்குள் வைத்தால் அதுவே கொன்றுவிடும். அங்கேயும் வலைதான் போட வேண்டும். மேலே மழையும் பறவை எச்சமும் விழாத கெட்டியான கூரை வேண்டும்.

சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஏழு மணிக்கே இருட்டுகிறது. கோழிகள் அதற்கு முன்பே தாமாகக் குச்சியில் ஏறிவிடும். எண்ணிப் பார்த்துக் கதவை அடைக்க இரண்டு நிமிடம் ஆகும். வேலை முடிந்து எட்டு மணிக்கு மேல்தான் வருவேன் என்பவர்கள் நேரம் பார்த்துத் தானாக மூடும் கதவு வாங்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் பக்கத்து வீட்டு அக்காவுக்கு வாரம் நாலு முட்டை என்று பேசிக்கொள்ளலாம். எனக்கு இரண்டாவது ஏற்பாடுதான் பிடிக்கும்.

கூண்டுக்குள் பாம்பைப் பார்த்தால் கம்பெடுக்காதீர்கள், வெந்நீர் ஊற்றாதீர்கள். மலைப்பாம்புக்கு விஷம் இல்லை, ஆனால் பின்னோக்கி வளைந்த பற்களால் கடித்தால் சதை கிழியும். அதைக் கொல்வதும் பொறிவைத்துப் பிடிப்பதும் சட்டப்படி குற்றம். தூரத்தில் நின்று தேசியப் பூங்காக் கழகத்தையோ ஏக்கர்ஸ் விலங்குநல அமைப்பையோ கூப்பிடுங்கள். பிள்ளைகளையும் வீட்டு நாயையும் உள்ளே அனுப்பிவிட்டு, பாம்பு எங்கே போகிறது என்று மட்டும் கண்காணித்தால் போதும்.

காயம்பட்ட கோழியை மற்றவற்றோடு விடாதீர்கள். சிவப்பைக் கண்டால் அதன் கூட்டாளிகளே கொத்தும். அட்டைப்பெட்டியில் துணி விரித்து இருட்டான, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். கொதித்தாறிய அரை லிட்டர் நீரில் ஒரு டீஸ்பூன் உப்புக் கலந்து காயத்தைக் கழுவுங்கள். மஞ்சள் பூசி அனுப்பினால் இறகோடு ஒட்டிக் காய்ந்த பற்றுக்குக் கீழே கடி எவ்வளவு ஆழம் என்று எனக்குத் தெரிவதில்லை. இந்த வெக்கையில் ஈ முட்டையிட்டு மறுநாளே புழு வைத்துவிடும் என்பதால் ‘நாளைக்குப் பார்க்கலாம்’ வேண்டாம். பூனை கடித்திருந்தால் துளை ஊசிமுனை அளவுதான் இருக்கும், ஆனால் அதன் பல்லில் இருக்கும் கிருமி இரத்தத்தில் பரவிக் கோழியைக் கொல்லக்கூடும். அன்றே மருந்து தொடங்க வேண்டும். மருந்து கொடுக்கும் நாள்களிலும் அதற்குப் பிறகு மருத்துவர் சொல்லும் வரையிலும் அந்தக் கோழியின் முட்டையைச் சாப்பிடக் கூடாது. எல்லாக் கிளினிக்கிலும் கோழி பார்ப்பதில்லை. எங்கே பார்க்கிறார்கள் என்று கோழி வாங்கும் முன்பே விசாரித்துத் தொலைபேசி எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.