பாதியில் நின்ற பட்டப்படிப்பு: திரும்பத் தொடங்குமுன் செய்ய வேண்டியவை

யாழ்ப்பாணத்தில் தொழில் வழிகாட்டல் ஆலோசகராகப் பணியாற்றும் என்னிடம் வருபவர்களில் உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகளே அதிகம். ஆனால், அவர்களை அழைத்து வரும் தாய் தந்தையருள் சிலர், பிள்ளையின் அலுவல் முடிந்த பின்னும் எழுந்து போகாமல் தயங்கி நின்று, தாங்களும் ஒரு காலத்தில் பட்டப்படிப்பை ஓரிரு வருடம் படித்து இடையில் விட்டவர்கள் என்பதைக் குரலைத் தாழ்த்திச் சொல்வதுண்டு. இக்கட்டுரை அவர்களுக்காகவே எழுதப்படுகிறது.

அவர்கள் படிப்பை நிறுத்தியதற்குச் சோம்பல் காரணமன்று. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் கொப்பிகளோடு சான்றிதழ்களையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள். 2006 ஓகஸ்டில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி மூடப்பட்டபோது வெளிமாவட்டத்தில் நடந்த பரீட்சைக்குப் போக முடியாமற்போனவர்கள் இருக்கிறார்கள். தகப்பனின் மறைவு, தங்கையின் சீதனம், தன்னுடைய திருமணம் என்று மற்றவர்களுக்கும் காரணங்கள் உண்டு. இருந்தும் எல்லோரிடமும் ஒரு கூச்சம் தங்கியிருக்கிறது. "மிஸ், மகள் கம்பஸ் போற வயசிலை நான் புத்தகத்தைத் தூக்கினால் சனம் என்ன சொல்லும்?" என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார்.

அந்தக் கூச்சத்தை நான் சிறிதாக எண்ணுவதில்லை. அது பெரும் பணச் செலவையும் கொண்டுவருகிறது. பழைய பல்கலைக்கழகத்தில் போய் விசாரிக்க வெட்கப்பட்டு, யாருக்கும் சொல்லாமல் புதிய கற்கைநெறியொன்றில் முதலாம் வருடத்திலிருந்து சேர்ந்துவிடுகிறார்கள். மேற்சொன்ன தாயும் நகையை அடகு வைத்து ஒரு தனியார் நிறுவனத்தில் முதற் தவணைப் பணத்தைக் கட்டிய பின்னரே என்னிடம் வந்தார். அவருடைய பழைய கோப்பில் வெளிவாரிப் பட்டப்படிப்பின் (பல்கலைக்கழக வகுப்புகளுக்குப் போகாமல் வெளியிலிருந்து படித்துப் பரீட்சை எழுதுவது) பதிவு அட்டையும், முதலிரு வருடங்களில் பெரும்பாலான பாடங்களில் சித்தியடைந்ததைக் காட்டும் பெறுபேற்றுத் தாளும் பத்திரமாக இருந்தன. பதிவிலக்கத்தைக் குறிப்பிட்டு நாங்கள் எழுதிய கடிதத்துக்கு, அவருடைய பெறுபேறுகள் இன்னும் பதிவில் உள்ளன என்றும், காலநீடிப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்றும் பதில் வந்தது. கட்டிய பணம் திரும்பவில்லை.

ஆகவே, புதிதாக எதிலும் சேருமுன் விட்ட இடம் எது என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். சித்தியடைந்த பாடங்கள் எவை, மாணவராகப் பதிவிலிருக்கும் உச்சக்காலம் முடிந்துவிட்டதா, முடிந்திருந்தால் நீடிப்புக்கு வழியுண்டா, பாடத்திட்டம் மாறியிருந்தால் பழைய பாடங்களுக்கு ஈடாக எவை கொள்ளப்படும் என்பவற்றை ஒரே கடிதத்தில் பதிவாளரிடமோ வெளிவாரிப் பரீட்சைகளுக்குப் பொறுப்பான கிளையிடமோ கேளுங்கள். உள்வாரி மாணவராக இருந்தவரின் கோரிக்கை பீடச்சபைக்கும், பல்கலைக்கழகத்தின் உயர் கல்விச் சபையான மூதவைக்கும் போக வேண்டியிருக்கலாம் என்பதால் பதில் வரத் தாமதமாகும். கருமபீடத்தில் நிற்பவர் வாயால் "ஏலாது" என்று சொன்னதை முடிவாகக் கொண்டு திரும்பிவிட வேண்டாம். உயர்தரச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பரீட்சைத் திணைக்களத்தில் உறுதிப்படுத்திய பெறுபேற்றைப் பெறலாம்.

பழைய வாசல் உண்மையிலேயே மூடியிருந்தால், 1980இல் தொடங்கப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாணப் பிராந்திய நிலையத்தில் விசாரியுங்கள். ஒவ்வோர் ஆண்டும் தம்மால் இயன்ற அளவு பாடங்களை மட்டும் பதிவுசெய்து படிக்கும் வசதி, வேலையும் குடும்பமும் உள்ளவர்களுக்குப் பொருந்தும். தனியார் நிறுவனமொன்றின் ஊடாக வெளிநாட்டுப் பட்டம் பெற நினைப்பவர்கள், அப்பட்டத்துக்கு இலங்கையில் அங்கீகாரம் உண்டா என்பதை விளம்பரத் தாளில் பார்க்காமல் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமே கேட்க வேண்டும். அரச வேலையிலோ பதவி உயர்விலோ அதைக் காட்டப் போகிறவர்களுக்கு இது மிக அவசியம்.

அடுத்தது நேரம். இதில்தான் நல்ல மனத்தோடு தொடங்கியவர்கள் இரண்டாம் முறையும் நிற்கிறார்கள். பட்டங்களின் தரத்தை வரையறுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணி நேரக் கற்றல்; விரிவுரை, சுயகற்றல், ஒப்படை, பரீட்சை யாவும் அதற்குள் அடங்கும். பொதுப் பட்டத்துக்கு ஆகக் குறைந்தது 90 கிரெடிட்டும் சிறப்புப் பட்டத்துக்கு 120 கிரெடிட்டும் தேவை. ஆண்டுக்கு 30 கிரெடிட் எடுத்தால் 1500 மணி நேரம், அதாவது வாரத்துக்கு ஏறத்தாழ 29 மணி நேரம். வேலைக்குப் போகும் ஒருவரால் இது இயலாது. 15 கிரெடிட் எடுத்தால் வாரத்துக்கு 14 அல்லது 15 மணி நேரமாகும். விடியற்காலையில் ஒரு மணி நேரம், இரவில் ஒரு மணி நேரம் என்று வைத்தாலே இந்தக் கணக்கு நிரம்பிவிடும் எனத் தோன்றும். ஆனால் நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும், உறவினர் வீட்டு அந்தியேட்டியும், பிள்ளையின் காய்ச்சலும் அந்தக் கணக்கில் வருவதில்லை. ஆண்டுக்குப் பத்துக் கிரெடிட்டோடு தொடங்குங்கள் என்றே நான் பெரும்பாலும் சொல்கிறேன்.

பெண்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சமையலும் பிள்ளைகளின் ரியூசனும் முன்போலவே உங்கள் தலையில் இருக்க, படிப்பு நேரம் உங்கள் நித்திரையிலிருந்து மட்டும் எடுக்கப்படுமானால் அது ஆறு மாதத்துக்கு மேல் ஓடாது. கணவரையும் மாமியாரையும் முன்னமே இருத்தி, எந்த வேலையை யார் எடுப்பது என்று பேசி முடித்த பின் பதிவுப் பணத்தைக் கட்டுங்கள். அந்தத் தாயின் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சமையலை இப்போது கணவரும் மகளும் பார்க்கிறார்கள். அவர் விறாந்தை மேசையில் மத்தியானம் வரை எழும்பாமல் படிக்கிறார்.