நீர்த்த கஞ்சியும் முளைகட்டிய கேழ்வரகும்

ஆறு மாதம் நிறைந்ததும் தாய்ப்பாலோடு இணை உணவையும் தொடங்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் வலியுறுத்துகிறது. 6 முதல் 8 மாதம் வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கிலோ கலோரியும், 9 முதல் 11 மாதம் வரை 300 கிலோ கலோரியும் இந்த உணவிலிருந்து கிடைக்க வேண்டும். ஆனால் குழந்தையின் இரைப்பை மிகச் சிறியது. உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 30 மில்லி என்று கணக்கிட்டால், ஏழு கிலோ எடையுள்ள குழந்தை ஒரு வேளைக்கு 210 மில்லிக்கு மேல் கொள்ளாது.

தொண்டையில் சிக்கிக்கொள்ளும் என்ற அச்சத்தால் நம் வீடுகளில் கஞ்சியை நீர்க்கக் காய்ச்சுகிறார்கள். நூறு மில்லி தண்ணீரில் 5 கிராம் கேழ்வரகு மாவைக் கரைத்துக் காய்ச்சினால் ஏறக்குறைய 16 கிலோ கலோரிதான் கிடைக்கும். அதே அளவு தாய்ப்பாலில் 65 கிலோ கலோரி அளவுக்கு இருக்கிறது. வயிறு நிறைந்த குழந்தை பாலையும் குறைத்துக்கொள்வதால், இத்தகைய கஞ்சி ஊட்டம் தருவதற்குப் பதிலாக இருக்கும் ஊட்டத்தையும் குறைத்துவிடுகிறது.

மாவைக் கூட்டிப் போட்டால் தீராதா என்றால், தீராது. சூடேறும்போது மாவுச்சத்துத் துகள்கள் நீரை உறிஞ்சி ஊதிப் பெருப்பதால் கஞ்சி களியாக இறுகிவிடும். இந்தச் சிக்கலைத்தான் முளைகட்டுதல் தீர்க்கிறது. முளைவிடும் தானியம், தன் முளைக்கு உணவாகும் பொருட்டு, மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளைத் துண்டிக்கும் அமைலேஸ் என்ற நொதியைச் சுரக்கிறது. கெட்டியாகக் காய்ச்சிய கூழ் சற்று ஆறியதும் முளைகட்டிய கேழ்வரகு மாவை ஒரு தேக்கரண்டி கலந்து கிளறினால், கரண்டியில் ஒட்டிக்கொண்டிருந்த கூழ் சில நிமிடங்களில் இளகி வழியத் தொடங்கும். தண்ணீர் ஒரு சொட்டும் சேர்வதில்லை என்பதால் கலோரி குறைவதுமில்லை. பின்னர் அதை மீண்டும் ஒரு கொதி விட்டு, ஆறவைத்து ஊட்ட வேண்டும். மிகுந்த வெப்பம் நொதியை அழித்துவிடும் என்பதால், முளைகட்டிய தானியத்தை வாசனைக்காகச் சிவக்க வறுப்பவர்கள் பலனில் பாதியை அடுப்பிலேயே இழக்கிறார்கள்.

கலோரி இவ்வாறு கிடைத்தாலும் இரும்புச்சத்து தனிக் கேள்வியாகவே நிற்கிறது. கருவில் சேர்த்துவைத்த இரும்பு ஆறாம் மாதத்தையொட்டித் தீரத் தொடங்குகிறது. தாய்ப்பாலிலோ லிட்டருக்கு அரை மில்லிகிராம்கூட இல்லை. 7 முதல் 12 மாதம் வரை நாளுக்கு 11 மில்லிகிராம் தேவை என்பது அமெரிக்கப் பரிந்துரை; வளர்ந்த ஆணுக்கே 8 மில்லிகிராம்தான். தானியத்தில் உள்ள ஃபைட்டேட் என்ற இயற்கைச் சேர்மம் இரும்பை உடலில் சேரவிடாமல் பிடித்துவைத்துக்கொள்கிறது. முளைகட்டும்போது இந்த ஃபைட்டேட் ஓரளவே குறையும். மசித்த ஈரல், இறைச்சி, மீன் ஆகியவற்றின் இரும்பு எளிதில் உடலில் சேரும். சைவ வீடுகளில் குழைந்த பருப்போடு சில துளி எலுமிச்சைச் சாறோ வெந்த தக்காளியோ சேர்த்தால், வைட்டமின் சி உறிஞ்சுதலைக் கூட்டும். உணவால் மட்டும் இந்தத் தேவையை எட்டுவது கடினம் என்பதாலேயே, இந்தியாவில் 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் கலந்த சிரப் வாரம் இருமுறை பரிந்துரைக்கப்படுகிறது.