கோப்பு: நூலிலிருந்து வந்த சொல்

மளிகைக் கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு வளைந்த கம்பி தொங்கும். நுனி கூராக இருக்கும். வருகிற பில்லையெல்லாம் கடைக்காரர் அதில் குத்தி ஏற்றிக்கொண்டே போவார். பழையது அடியில், புதியது மேலே. 16-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இப்படிக் காகிதம் குத்தி வைக்கிற கம்பிக்கும் நூலுக்கும் பெயர் ஃபைல்.

லத்தீனில் 'ஃபீலும்' என்றால் நூல். அது பிரெஞ்சுக்குப் போய், நூலில் காகிதங்களைக் கோத்து வைப்பதைக் குறிக்கும் வினையாகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. குண்டு பல்புக்குள் ஒளிரும் ஃபிலமென்ட்டும் அதே வேரில் பிறந்ததுதான். இரும்பைத் தேய்க்கிற அரத்துக்கும் ஆங்கிலத்தில் ஃபைல் என்றே பெயர், ஆனால் அது வேறு குடும்பத்துச் சொல், இங்கே சேராது.

தமிழுக்கு வருவோம். கோ என்பது வினைச்சொல். ஊசியில் நூல் கோப்பது, மணி கோப்பது, கைகோத்து நடப்பது எல்லாம் அதிலிருந்துதான். (பேச்சில் 'கோர்த்து' என்கிறோம். எழுத்தில் 'கோத்து' என்பதே சரி என்று இலக்கணம் படித்தவர்கள் திருத்துவார்கள்.) கா என்பதிலிருந்து காப்பு, யா என்பதிலிருந்து யாப்பு வந்த மாதிரி, கோ என்பதிலிருந்து கோப்பு. நூலைக் கொண்டே அங்கே ஃபைல், இங்கே கோப்பு. மொழிபெயர்ப்புச் சொற்கள் பலவும் ஒட்டுப்போட்டது போலத் தெரியும் காலத்தில், இவ்வளவு அச்சாகப் பொருந்தும் இணைச்சொல் கிடைப்பது அபூர்வம்.

பொருந்தியதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊரிலும் எழுதியதைக் கோத்துத்தான் வைத்தார்கள். ஓலையில் துளை போட்டு, கயிறு நுழைத்து, சட்டம் வைத்துக் கட்டினால் சுவடி. புத்தகத்துக்கும் பஞ்சில் திரித்த இழைக்கும் நூல் என்று ஒரே பெயர் நம்மிடம் உண்டு. அரசு அலுவலகத்தில் இன்றும் காகிதத்தின் மூலையில் துளையிட்டு, முனையில் தகரம் வைத்த 'டேக்' கயிற்றைக் கோத்து முடிச்சுப் போடுகிறார்கள். அங்கே வேலை பார்ப்பவரிடம் கோப்பு என்றால் ஒற்றைத் தாளை நினைக்க மாட்டார். குறிப்புக் கோப்பு, நடப்புக் கோப்பு என்று ஒரு விவகாரத்தின் அத்தனை தாளும் வரிசையாகச் சேர்ந்ததுதான் அவருக்குக் கோப்பு. இலங்கைத் தமிழில் இதே வேரிலிருந்து கோவை என்ற சொல்லும் புழக்கத்தில் இருக்கிறது: சுயவிவரக்கோவை, தண்டனைச் சட்டக்கோவை.

கணினிக்கு இந்தச் சொல் எப்படி ஏறியது? 1956-இல் ஐபிஎம் நிறுவனம் ராமாக் என்ற கணினியோடு விற்ற வட்டுக் கருவியின் பெயரே 'டிஸ்க் ஃபைல்'. 24 அங்குல வட்டுகள் 50, மொத்தக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். அந்தப் பெட்டி முழுவதும்தான் அன்றைக்கு ஃபைல். பெட்டிக்குள் தனித்தனியாகப் பெயர் வைத்துச் சேமிக்கிற ஒவ்வொன்றையும் அப்படி அழைப்பது பிறகு நிலைத்தது.

நம்மில் பலர் கோப்பை ஒரு டப்பா என்று மனதில் வைத்திருக்கிறோம். உள்ளே விஷயம் இருக்கிறது, மூடி போட்டிருக்கிறது, அவ்வளவுதான். கோப்பு தகராறு செய்யும்போது அந்தப் படம் உதவாது. கோத்தது என்று நினைத்தால் பாதிச் சிக்கல் தானாகவே விளங்கும்.

பென் டிரைவை எடுத்துக்கொள்வோம். பலவற்றில் கோப்புகளை அடுக்கி வைப்பது இன்னும் ஃபாட்32 என்ற முறைதான். இடத்தைச் சிறு சிறு கொத்துகளாகப் பிரித்து வைத்திருக்கும். ஒரு கொத்து 32 கேபி என்றால், 100 கேபி பயோடேட்டாவுக்கு நாலு கொத்து வேண்டும். அந்த நாலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. பெயர்ப் பட்டியலில் கோப்பின் பெயர், அளவு, முதல் கொத்தின் எண் இவை இருக்கும். அடுத்தது எது என்பது தனியாக ஓர் அட்டவணையில். 5-க்கு அடுத்து 6, 6-க்கு அடுத்து 19, 19-க்கு அடுத்து 20, அத்தோடு முடிந்தது. அந்த அட்டவணைதான் நூல்.

எழுதி முடிக்கும் முன் பென் டிரைவைப் பிடுங்கினால் இந்த நூல் அறுந்துபோகலாம். மறுநாள் ஜெராக்ஸ் கடையில் போட்டால் பெயர் தெரியும், திறந்தால் வெறுமை, இல்லாவிட்டால் குப்பை. விண்டோஸின் செக்டிஸ்க் நிரலை ஓடவிட்டால், தலை இல்லாமல் கிடக்கிற சங்கிலிகளைப் பொறுக்கி, ஃபைல் என்ற சொல்லோடு நாலு சுழியம் சேர்த்த பெயரில் வைத்துவிட்டுப் போகும். அதற்குள் நம் பயோடேட்டா இருக்கலாம். தவறி அழித்தாலும் இதே கதைதான். பெயரில் முதல் எழுத்து மாற்றப்படும், கோத்த கணக்கு நீக்கப்படும், எழுதியது அங்கேயே கிடக்கும். அதனால்தான் அழிந்ததை மீட்க முடிகிறது. மீட்கும் வரை அந்த டிரைவில் புதிதாக எதையும் சேமிக்கக் கூடாது என்பதும் அதனால்தான்.

வேர்டு கோப்பில் கோப்பதற்கு இன்னொரு அடுக்கு உண்டு. 2007-இல் வந்த டாக்எக்ஸ் வடிவம் உண்மையில் பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டிய ஒரு ஜிப் பொட்டலம். ஒரு நகல் எடுத்து, பெயரின் கடைசியில் உள்ள டாக்எக்ஸை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். எழுத்து ஒரு கோப்பில், நடை (ஸ்டைல்) இன்னொன்றில், படங்கள் 'மீடியா' என்ற கோப்புறையில் (ஃபோல்டர்) எனத் தனித்தனியாக இருக்கும். ஆவணத்தில் ஒட்டிய படங்களை மொத்தமாக எடுக்க இதைவிடச் சுருக்கு வழி இல்லை.

அதையே பிடிஎஃப் என்று மாற்றினால்? ஒன்றும் ஆகாது. பெயர் மாறும், உள்ளடக்கம் மாறாது. நோட்பேடில் திறந்தால் முதல் இரண்டு எழுத்து பி, கே என்றே நிற்கும். ஜிப் முறையை வகுத்த ஃபில் காட்ஸின் தலைப்பெழுத்துகள் அவை. உண்மையான பிடிஎஃப் என்றால் சதவீதக் குறியும் பிடிஎஃப் என்ற மூன்று எழுத்தும் முதலில் வரும். வேலை விண்ணப்பத் தளம் 'இந்தக் கோப்பு செல்லாது' என்று திருப்பி அனுப்புகிறதே, அது இந்தத் தொடக்கத்தைப் பார்த்தும் இருக்கலாம். பெயரின் கடைசியில் வரும் இந்தப் பின்னொட்டை விண்டோஸ் மறைத்தே காட்டுவதால் இந்தக் குழப்பம் இன்னும் கூடுகிறது. அந்த அமைப்பை முதல் நாளே மாற்றிவிடுவது நல்லது.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு தலைவலி. ஆவணத்தோடு எழுத்துரு வழக்கமாகக் கோக்கப்படுவதில்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி எழுத்துருவில் அடித்த வேர்டு கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். கோப்பு கெடவில்லை, அதன் ஒரு மணி வீட்டிலேயே தங்கிவிட்டது. 1993-இல் அடோபி வெளியிட்ட பிடிஎஃப் எழுத்துருவையும் உள்ளேயே சேர்த்துக்கொள்வதால் பார்வைக்குத் தப்பும், ஆனால் அதிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் அதே ஜேகேபிஓதான். தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்கள் உள்ள யுனிகோடில் அடித்திருந்தால் வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்தாலும் தமிழ் தமிழாகவே இருக்கும்.

கோப்போடு சேர்ந்து வரும் சொற்களில் கோப்புறைதான் என் கட்சி. கோப்பு, உறை என்று பிரித்தாலே புரியும். லினக்ஸ்காரர்கள் அடைவு என்பார்கள், அதுவும் தவறில்லை. இரண்டாம் வேற்றுமையில் மட்டும் ஒரு வம்பு இருக்கிறது. கோப்பு என்பது கோப்பை ஆகும்போது தேநீர்க் கோப்பை நினைவுக்கு வந்துவிடும். மெனுவில் 'கோப்பைத் திற' என்று பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. 'கோப்பினை' என்று சாரியை சேர்த்து எழுதினால் தப்பிக்கலாம். பேச்சில் ஃபைல் என்றே சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.