விரத நாளிலும் மாத்திரை உண்டு

கந்த சஷ்டி முடிந்து பத்து நாள் இருக்கும். நாகப்பட்டினத்தை அடுத்த சிக்கல் ஊர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா மறுபரிசோதனைக்குத் தஞ்சாவூர் வந்தார். வயது 46. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, தினமும் தமாக்ஸிஃபென் 20 மில்லிகிராம் சாப்பிடுபவர். யார் வந்தாலும் முதலில் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்ப்பது என் பழக்கம். நடுவில் ஆறு மாத்திரைகள் பிரிக்காமல் அப்படியே இருந்தன.

"சிங்காரவேலருக்கு ஆறு நாளும் விரதம் டாக்டர். வெறும் வயித்துல போட்டா புண்ணாயிடும்ல?" என்றார். கூட வந்த மகன் செல்போனை நீட்டினார். விரதம் இருந்தால் மார்பகக் கட்டி கரையும் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி.

முழுப் பொய் என்று அதைத் தள்ளிவிட முடியாது. 2020-இல் இத்தாலியின் ஜெனோவா ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் எழுதியதன் தேய்ந்த வடிவம் அது. இந்த அம்மாவுக்கு வந்த வகைப் புற்றுநோய்க்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன்தான் தீனி. தமாக்ஸிஃபென் அந்த வழியை அடைக்கிறது. ஆனால் மதகை அடைத்தாலும் எலி வளையில் தண்ணீர் கசிகிற மாதிரி, சில செல்கள் ரத்தத்தில் ஓடும் இன்சுலின், ஐஜிஎஃப்-1, லெப்டின் ஆகிய வேறு ஹார்மோன்களை வைத்துப் பிழைத்துக்கொள்ளும். பட்டினி இந்த மூன்றையும் இறக்குகிறது. ஆய்வுக்கூட எலிகளில் மாத்திரையும் பட்டினியும் சேர்ந்தபோது கட்டி கூடுதலாக அடங்கியது. கவனியுங்கள், சேர்ந்தபோது. மாத்திரையை நிறுத்திவிட்டு அல்ல.

அதே ஆய்வில் 36 பெண்களும் இருந்தார்கள். தமாக்ஸிஃபென் போன்ற ஹார்மோன் சிகிச்சையை விடாமல், இடைவெளி விட்டு ஐந்தைந்து நாட்கள் அளந்து கொடுத்த குறைந்த கலோரித் தாவர உணவு. ரத்தத்தில் எலிகளில் கண்ட அதே மாற்றங்கள் தெரிந்தன. நோய் திரும்பாது, ஆயுள் கூடும் என்று சொல்ல அது போதாது.

நம் ஊர் விரதமோ வேறு சங்கதி. சோறுதான் கிடையாது, ரவா உப்புமா, சர்க்கரை போட்ட பால், இரண்டு பழம், அப்புறம் பஞ்சாமிர்தம். இன்சுலின் எங்கே இறங்கும்! பக்திக்கு இருப்பதை நான் தடுப்பதில்லை. ஆனால் இன்சுலின் ஊசியோ கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரையோ எடுப்பவர்கள், எடை இறங்கிக்கொண்டே வருபவர்கள், கீமோதெரபி நடப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி கிடக்க வேண்டாம். சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தமாக்ஸிஃபெனைச் சாப்பிட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம். ஒரு வாய் தண்ணீர் போதும். குமட்டினால் இரவுப் பலகாரத்துக்குப் பின் போடுங்கள். நாகூரிலிருந்து வரும் சகோதரிகளுக்கு ரமலானில் சஹரோ இஃப்தாரோ, தினமும் ஒரே வேளையாக இருந்தால் சரி.

எல்லாம் கேட்டுத் தலையாட்டிய அந்த அம்மா, அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப மீந்த ஆறையும் இன்னைக்கே சேத்துப் போட்டுக்கவா?"

"வேண்டாம்மா. விட்டது விட்டதுதான். இன்னைக்கு உள்ளது ஒண்ணு மட்டும்."