நிகழ்வெல்லை: சொல் விளக்கம்

கருந்துளையைச் சுற்றி, உள்ளே நடப்பது பற்றிய எந்தச் செய்தியும், ஒளியும்கூட, வெளியே வர முடியாதபடி அமைந்த வரம்பே நிகழ்வெல்லை. ஆங்கிலத்தில் இதை ஈவன்ட் ஹொரைசன் என்பர். இச்சொல்லை 1956இல் கையாண்ட இயற்பியலாளர் வுல்ஃப்காங் ரிண்ட்லர் கருந்துளைகளைப் பற்றி எழுதவில்லை. விரியும் பேரண்டத்தில் நாம் என்றேனும் காணக்கூடிய நிகழ்வுகளையும் என்றுமே காண முடியாதவற்றையும் பிரிக்கும் எல்லைக்கே அப்பெயரை இட்டார்.

ஹொரைசன் என்பது 'வரம்பிடுதல்' என்னும் பொருளுடைய கிரேக்க வினையிலிருந்து வந்தது. பெங்களூருத் தமிழர் கன்னடத்தில் அன்றாடம் கேட்கும் 'திகந்த' என்ற சொல்லும் திசையின் முடிவு என்றே விரியும். தமிழ் அகராதிகளிலும் திகந்தம் உண்டு. 'நிகழ்வுத் தொடுவானம்' என்று பெயர்ப்போரும் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. தொடுவானம் கண்ணுக்குத் தெரிவது (அல்சூர் ஏரிக்கரையில் அடுக்ககங்களுக்கு நடுவே அதைத் தேடத்தான் வேண்டும்), நெருங்க நெருங்க விலகுவது. கருந்துளையின் வரம்போ தெரியாது, விலகாது; விழும் பொருள் அதைக் கடக்கும், மீளாது. ஆகவே 'எல்லை'யே தகும். நிகழ்வுகள் அங்கே நின்றுவிடுகின்றன என்று மட்டும் கொள்ளலாகாது. அவை உள்ளேயும் தொடர்கின்றன, செய்திதான் வெளிவருவதில்லை.

இவ்வரம்பை வரையறுத்ததில் பெங்களூரு நேரு கோளரங்கத்தின் நிறுவன இயக்குநராக விளங்கிய சி. வி. விசுவேசுவராவுக்கும் பங்குண்டு. ஒளியின் செம்பெயர்ச்சி (அலைநீளம் கூடிச் சிவப்பின் பக்கம் நகர்தல்) முடிவிலியாகும் பரப்பும், உள்ளே செல்ல மட்டுமே இடந்தரும் ஒருவழிப் பரப்பும் சுழலாத கருந்துளையில் ஒன்றே என்பதையும், சுழலும் கருந்துளையில் அவை பிரிந்துவிடும் என்பதையும் அவர் 1968இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டினார். இவற்றுள் ஒருவழிப் பரப்பே நிகழ்வெல்லை.

2017 ஏப்ரலில் 1.3 மில்லிமீட்டர் அலைநீளத்தில் நோக்கி, 2019 ஏப்ரல் 10 அன்று வெளியிடப்பட்ட, எம்87 என்னும் விண்மீன் மண்டலத்தின் மையக் கருந்துளைப் படத்தை 'நிகழ்வெல்லையின் படம்' எனச் செய்திகளில் எழுதுவது பிழை. சூரியனைப் போல் ஏறத்தாழ 650 கோடி மடங்கு நிறையுள்ள அக்கருந்துளையை அணுகும் ஒளி கடுமையாக வளைகிறது. நிகழ்வெல்லைக்கு வெளியே கடந்துபோக வேண்டிய கதிர்களும் உள்ளிழுக்கப்படுகின்றன. அதனால் படத்தின் நடுவிலுள்ள இருள் நிகழ்வெல்லையைவிட ஏறத்தாழ 2.6 மடங்கு அகன்று தோன்றுகிறது. அவ்விருளுக்குரிய சொல் 'கருந்துளை நிழல்'. 2022 மே 12 அன்று வெளியான, நம் பால்வழி மண்டல மையத்தின் படத்துக்கும் அதுவே பொருந்தும்.