அகலப்பட்டை: அகன்றதா, அகண்டதா?

'பிராட்பேண்ட்' என்ற சொல்லுக்குத் தமிழில் பெயர்ப் பஞ்சமே இல்லை. செய்தித்தாள்களில் 'அகன்ற அலைவரிசை' என்றும் 'அகண்ட அலைவரிசை' என்றும் மாறி மாறி வருகிறது. கணினிக் கட்டுரைகளில் 'அகலப்பட்டை', 'அகலக்கற்றை'. வீட்டில் கேட்டால் 'நெட்', அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் 'பேண்ட்' என்பது பட்டை, நாடா. ஓர் அலைவெண்ணில் (ஃப்ரீக்வென்சி) தொடங்கி இன்னோர் அலைவெண்ணில் முடியும் பகுதிக்கு வானொலிப் பொறியாளர்கள் இந்தப் பெயரை வைத்தார்கள். அந்தப் பகுதி அகலமாக இருந்தால் 'பிராட்'. ஆக, முதலில் இது வேகத்தைக் குறித்த சொல்லே அல்ல.

தொலைபேசிக் கம்பியில் மனிதக் குரலுக்கு ஒதுக்கப்பட்டது ஏறக்குறைய 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான சிறு பகுதி. பழைய டயல்-அப் மோடம் அந்தச் சந்துக்குள்ளேயே தரவையும் நுழைத்தது. விநாடிக்கு 56 கிலோபிட்டுக்கு மேல் அதனால் முடியவில்லை. அதே செம்புக் கம்பியில் குரலுக்கு மேலே சும்மா கிடந்த அலைவெண்களை, 11 லட்சம் ஹெர்ட்ஸ் வரை, ஏ.டி.எஸ்.எல். தொழில்நுட்பம் எடுத்துக்கொண்டது. போனுக்கு ஒரு வழி, மோடத்துக்கு ஒரு வழி என்று பிரித்துவிடும் ஸ்பிளிட்டர் என்ற சிறு பெட்டி அப்போது சுவரில் தொங்கியது பலருக்கு நினைவிருக்கும். அந்த இணைப்புக்கு இந்தப் பெயர் அச்சாகப் பொருந்தியது. இன்று வீட்டுக்குள் வருவது கண்ணாடி இழையில் ஓடும் ஒளி. பெயர் மட்டும் மாறவில்லை.

அகலத்தைக் குறித்த சொல்லை வேகத்தைக் குறிப்பதாக்கியது அரசுகளின் வேலை. இந்தியாவின் 2004ஆம் ஆண்டுக் கொள்கை, எப்போதும் இணைப்பிலேயே இருக்கும், விநாடிக்குக் குறைந்தது 256 கிலோபிட் தரவிறக்க வேகம் தரவல்ல தரவு இணைப்பே பிராட்பேண்ட் என்றது. 2013இல் அது 512 கிலோபிட் ஆனது. 2023 ஜனவரியில் 2 மெகாபிட். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2018ஆம் ஆண்டின் தேசிய எண்ணியல் தகவல்தொடர்புக் கொள்கை, 2022க்குள் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் 50 மெகாபிட் என்று இலக்கு வைத்திருந்தது. கெடு முடிந்த அடுத்த மாதமே, 2 மெகாபிட் இருந்தாலே போதும், அது பிராட்பேண்ட்தான் என்று வரையறை வந்தது. இலக்கை எட்ட முடியாதபோது வரையறையாவது கைக்கெட்டும் உயரத்தில் இருக்கட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ.

2004ஆம் ஆண்டு வரையறையில் எண்ணுக்கு முன்னால் நிற்கும் 'எப்போதும் இணைப்பிலேயே இருக்கும்' என்ற தொடரைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் எண் சுழற்றிக் காத்திருக்கத் தேவையில்லை என்பதுதான் அன்று அதற்குப் பொருள். படிக்கிற சந்தாதாரரோ இணைப்பு அறுபடவே அறுபடாது என்றுதான் புரிந்துகொள்வார்.

இப்போது தமிழுக்கு வருவோம். 'அகன்ற' என்பது 'அகல்' என்ற தமிழ் வினையிலிருந்து வருவது. விரிந்த என்று பொருள். 'அகண்ட' வடமொழி. கண்டம் என்றால் துண்டு, அகண்டம் என்றால் துண்டுபடாதது. அகண்ட தீபம் என்பது அணையாமல் எரியும் விளக்கு. அகண்ட நாமம் என்பது இடைவிடாமல் சொல்வது. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிவதற்கு முன்பு ஒன்றாக ஓடும் ஆற்றை அகண்ட காவிரி என்கிறோம். அங்கே ஆறு அகலமாகவும் இருப்பதால் இரண்டு சொல்லும் ஒன்று என்ற மயக்கம் வந்திருக்கலாம். 'அகண்ட அலைவரிசை' என்று எழுதுகிறவர் சொல்ல நினைப்பது அகலத்தை, சொல்லிவிடுவது அறுபடாமையை.

பிழைதான். ஆனால் நமக்குக் கிடைக்காமல் இருப்பது என்னவோ அந்தப் பிழைக்குள் இருக்கும் பொருள்தான். சாக்கடைக்குத் தோண்டுகிறவர்களும் குடிநீர்க் குழாய் பதிக்கிறவர்களும் ஓட்டும் பொக்லைன் இயந்திரம் ஒரு தடவை தவறான இடத்தில் இறங்கினால், தெரு முழுக்க மோடங்களில் சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கும். 100 மெகாபிட் திட்டத்துக்குக் கட்டியவரும் 30 மெகாபிட்டுக்குக் கட்டியவரும் அந்த நேரத்தில் சமம். பிறகு ஊழியர் ஒருவர் வந்து குழியோரம் உட்கார்ந்து, 125 மைக்ரான் கனமுள்ள இழையின் மேலுறையை உரித்து, முனையை நேராக வெட்டி, இரு முனைகளையும் ஸ்பிளைசிங் கருவியில் வைத்து உருக்கி ஒட்டுவார். வழக்கமாக ஒவ்வொரு இழையாகத்தான் ஒட்ட வேண்டும். நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் முறை இப்படி அறுபடுகிறது, இழப்பு சுமார் 3,000 கோடி ரூபாய் என்பது மத்திய அரசே சொன்ன கணக்கு. தோண்டும் முன் தகவல் சொல்வதற்கென்றே 2023 மார்ச்சில் ஒரு செயலியை வெளியிட்டார்கள்.

ஊராட்சிகளுக்கு இழை கொண்டுபோகும் திட்டத்துக்கு 2011இல் ஒப்புதல் கிடைத்தது. அதுவே பின்னர் பாரத்நெட் ஆனது. முதல் கட்டத்தில் ஊராட்சி ஒன்றியத்திலிருந்து ஊராட்சிகளுக்குப் பெரும்பாலும் நேர்கோடாகவே கம்பி போட்டார்கள். நடுவில் அறுந்தால் அதற்கு அப்பால் உள்ள ஊர்களுக்கெல்லாம் இருட்டு. 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற திருத்திய திட்டம் இந்த நேர்கோட்டை வளையமாக்கச் சொன்னது: ஒரு பக்கம் அறுந்தால் தரவு மறுபக்கமாகச் சுற்றி வரும். முதலிலேயே செய்திருக்க வேண்டியது இது.

கலைச்சொல்லாக என் வாக்கு 'அகலப்பட்டை'க்கே. 'பிராட் கேஜ்' நம் நாவில் அகல ரயில் பாதையாகி நிலைத்துவிட்டது. இதுவும் அதே வார்ப்பு. 'அலைவரிசை' என்றால் தொலைக்காட்சிச் சேனல் நினைவுக்கு வருகிறது. 'கற்றை'யை ஸ்பெக்ட்ரத்துக்குரிய 'அலைக்கற்றை' ஏற்கெனவே பிடித்துக்கொண்டது. பட்டை என்று வைத்துக்கொண்டால் 'பேண்ட்வித்' பட்டையகலம் ஆகும், 'நேரோபேண்ட்' குறும்பட்டை ஆகும். பேச்சில் 'நெட்' என்பதை யாரும் மாற்றப் போவதில்லை, மாற்றவும் வேண்டாம்.